பழைய இரும்பில் பலகை வண்டி: சக்கரத்தில் தொடங்கிச் செய்யும் முறை

பிளைவுட், எம்.டி.எஃப், ஜிப்சம் போர்டு போன்ற எட்டுக்கு நான்கு அடிப் பலகைகளைக் கேட்டிலிருந்து பட்டறைக்குள்ளும், பட்டறைக்குள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கும் ஒருவரோ இருவரோ தள்ளிக்கொண்டு போவதற்கான சாய்வு வண்டியைப் பழைய இரும்பில் செய்யும் முறை இது. ஓரளவு வெல்டிங் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டுள்ளது. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் இரும்பை அளவுக்கு வெட்டிக்கொண்டு, ஒட்டும் வேலையை மட்டும் வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

புதிதாகச் செய்பவர்களில் பெரும்பாலோர் கையில் கிடைத்த ‘எல்’ வடிவ இரும்பு ஆங்கிளை வெட்டிச் சட்டத்தை முதலில் ஒட்டிவிடுகிறார்கள். சக்கரத்தைக் கடைசியில் தேடுகிறார்கள். வண்டியின் உயரம், அகலம், தாங்கும் எடை ஆகிய மூன்றையும் சக்கரமே முடிவு செய்கிறது என்பதால், அந்த வரிசையில் செய்த வண்டி ஒன்று கவிழப் பார்க்கும், அல்லது கதவில் நுழையாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

1. எடையையும் வழியையும் அளப்பது

18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று சுமார் 35 கிலோ இருக்கும், 12 மி.மீ. என்றால் சுமார் 23 கிலோ. அதே 18 மி.மீ. கனத்தில் எம்.டி.எஃப் 40 கிலோ வரை போகும். பத்துப் பலகைகளுக்கு 350 கிலோ என்றும், வண்டியின் சொந்த எடைக்குச் சக்கரத்தோடு சேர்த்து 70 கிலோ என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 420 கிலோ. இந்த வண்டிக்கு அதுவே மேல்வரம்பு.

இரும்புத் தகட்டுக்கும் கிரானைட்டுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. 3 மி.மீ. இரும்புத் தகடு எட்டுக்கு நான்கில் 70 கிலோ இருக்கும், 18 மி.மீ. கிரானைட் அதே அளவில் 145 கிலோவைத் தொடும். தகட்டை எண்ணிக்கை குறைத்து ஏற்றலாம். கிரானைட்டை இதில் ஏற்றவே வேண்டாம்.

அடுத்ததாக வண்டி போகும் வழியை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். பலகை குட்டியானையில் வந்து இறங்கும் இடம், தள்ளு கேட்டின் தண்டவாளம், பேவர் கல் இடைவெளி, வாசல் படி, மிகக் குறுகலான கதவு ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எட்டடிப் பலகை எந்த முக்கில் திரும்பாது என்பது அட்டையிலோ பழைய பலகையிலோ ஒரு முறை கொண்டு போய்ப் பார்த்தால்தான் தெரியும். வழியில் செம்மண்ணோ ஜல்லியோ இருந்தால் கேஸ்டர் சக்கரம் (தகட்டோடு வண்டியின் அடியில் பூட்டும் சக்கரம்) புதைந்துவிடும். அந்த இடத்தில் தளம் போடுவது அல்லது பலகை விரிப்பது தவிர வேறு வழி இல்லை.

2. சக்கரம் வாங்குவது

நான்கு சக்கரம் இருப்பதால் எடையை நான்கால் வகுப்பது வழக்கமான தவறு. மேடு பள்ளமான தரையில் ஏதேனும் ஒரு சக்கரம் அந்தரத்தில்தான் நிற்கும். மீதி மூன்றும் முழு எடையையும் தாங்கும். ஆகவே மூன்றால் வகுக்க வேண்டும். 420 கிலோவுக்கு ஒரு சக்கரம் 140 கிலோ தாங்கியாக வேண்டும் என்பதால், 150 கிலோவுக்குக் குறையாத சக்கரமாகப் பாருங்கள்.

விட்டம் ஆறு அங்குலம் இருப்பது நல்லது. கேட் தண்டவாளம் தரைக்கு மேல் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் மூன்று அங்குலச் சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும். தள்ளுபவர் பலம் போட்டுத் தள்ளும்போது பலகைகள் முன்னால் சரியும். கேஸ் சிலிண்டர் வண்டியிலும் நாற்காலியிலும் வரும் சின்னச் சக்கரங்களை இந்த வேலைக்கு நினைக்கவே கூடாது.

கோவை உக்கடத்தின் பழைய இரும்புக் கடைகளிலும், திருப்பூர், ஈரோடு பகுதிகளில் ஆலைகளையும் பனியன் கம்பெனிகளையும் பிரித்து விற்கும் இடங்களிலும் ஆலைத் தள்ளுவண்டிகளின் கேஸ்டர்கள் கிடைக்கும். நான்கும் ஒரே வண்டியிலிருந்து கழன்றவையாக இருக்க வேண்டும். இரண்டு நேராக மட்டும் ஓடுபவை, இரண்டு சுழல்பவை என்று எடுத்து, தகட்டின் மேல்முகத்திலிருந்து தரை வரை நான்கின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஆறு அங்குலச் சக்கரத்துக்கு அது சுமார் 19 செ.மீ. இருக்கும். 3 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் தட்டையான தரையிலேயே வண்டி ஆடும்.

நூற்பாலையிலிருந்து வந்த சக்கரத்தை வாங்கும் முன் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அச்சுக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்கும் நடுவே நூலும் பஞ்சும் கிரீஸோடு சேர்ந்து இறுகி, ஒரு வளையம்போலக் கறுப்பாகச் சுற்றியிருக்கும். சக்கரம் சுற்றாததற்குப் பேரிங் காரணம் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். அச்சு போல்ட்டைக் கழற்றி, பிளேடால் அந்த நூல் வளையத்தை அறுத்தெடுத்துவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். பாதிச் சக்கரங்கள் சரியாகிவிடும். அதன் பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால்தான் பேரிங் போயிருக்கிறது.

சக்கரத்தின் பொருளைத் தரையைப் பார்த்து எடுக்க வேண்டும். வார்ப்பிரும்புச் சக்கரம் எடை தாங்கும், ஆனால் டைல்ஸை உடைக்கும். நைலான் சிமென்ட் தளத்தில் இலகுவாக ஓடும். சத்தம் அதிகம், சின்னக் கல்லிலும் நின்றுவிடும். ரப்பர் சத்தமில்லாதது, ஆனால் சுமையோடு நாள்கணக்கில் நிறுத்தினால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பாலியூரித்தேன் பூசிய சக்கரம் கிடைத்தால் கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது அதை எடுத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றையும் பழையதில் ஒப்பேற்றிவிட்டு, சக்கரத்தை மட்டும் புதிதாக வாங்கினாலும் தவறில்லை.

3. இரும்பு பொறுக்குவது

40 x 40 x 5 மி.மீ. ஆங்கிள், அதாவது கடைகளில் ஒன்றரை அங்குல ஆங்கிள் என்று கேட்டால் கொடுப்பது, இந்த வேலைக்குப் போதும். மீட்டருக்கு 3 கிலோ எடை. பழைய கட்டில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, மோட்டார் பெட், பிரித்த ஷெட் ஆகியவற்றில் இது கிடைக்கும். ஆயுதபூஜைக்கு முந்தைய வாரம் பட்டறைகளைச் சுத்தம் செய்து வேண்டாததை வெளியே போடுவார்கள். கேட்டு வாங்க அதுவே தோதான நேரம்.

வளைந்த ஆங்கிளைத் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். முறுக்கிய ஆங்கிளை எடுக்க வேண்டாம், அது எவ்வளவு தட்டினாலும் நேராகாது. துரு செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தால் சுத்தியால் தட்டிவிட்டு மீதிக் கனத்தை அளந்து பாருங்கள். 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் வேண்டாம்.

கோவைப் பகுதியில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது வார்ப்பிரும்பு. பம்பு, மோட்டார், கிரைண்டர், விசைத்தறி என்று நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் குவிந்திருப்பதில் பெரும்பங்கு அதுதான். பார்க்கத் தடிமனாக, ஆசை காட்டுவதாக இருக்கும். ஆனால் சாதாரண வெல்டிங் ராடில் ஒட்டினால் ஒட்டின் ஓரத்திலேயே விரிசல் விடும். டிரில் போட்டால் சுருள் வராமல் கருப்புத் தூளாக உதிர்ந்தால் அது வார்ப்பிரும்பு. தறியின் காலையோ கிரைண்டர் ஸ்டாண்டையோ சட்டத்தில் சேர்க்க நினைக்காதீர்கள்.

ஜி.ஐ. குழாயைப் பயன்படுத்தினால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டவும். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். சாயப்பட்டறையிலிருந்து வந்த பீப்பாய்த் தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வெட்டப் போக வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்பது தெரியாத மூடிய பீப்பாயில் தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும்.

4. வெட்ட வேண்டிய அளவுகள்

அடிச்சட்டத்துக்கு 160 செ.மீ. இரண்டு, 60 செ.மீ. மூன்று. பலகை சாயும் முதுகுக்கு 100 செ.மீ. மூன்று. பலகை உட்காரும் பாதத்துக்கு 20 செ.மீ. மூன்று. முதுகுக்கும் பாதத்துக்கும் குறுக்கே ஓடுவதற்கு 160 செ.மீ. நான்கு. முதுகைப் பின்னாலிருந்து தாங்கும் பின்தாங்கல் மூன்றையும் இப்போது வெட்ட வேண்டாம்; அவற்றுக்கு 85 செ.மீ. வீதம் ஒதுக்கி வையுங்கள். மொத்தம் 17 முதல் 18 மீட்டர் ஆகும் என்பதால், சேதாரத்தோடு 20 மீட்டர் கையில் இருக்கட்டும். சக்கரத்துக்காக 6 மி.மீ. தகட்டில் 12 செ.மீ. சதுரத் துண்டுகள் நான்கு வேண்டும்.

பலகை எட்டடி, அதாவது 244 செ.மீ. இருக்கும்போது வண்டி ஏன் 160 செ.மீ. மட்டும் என்று கேட்கலாம். இரு பக்கமும் 42 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பலகைக்குக் கேடில்லை. வண்டி நீளம் குறைவதால் முக்கில் எளிதாகத் திரும்பும். 60 செ.மீ. அகலம் இரண்டரை அடிக் கதவில் இடிபடாமல் நுழைவதற்காக. உங்கள் வழியில் அதைவிடக் குறுகிய கதவு இருந்தால், அகலத்தைக் குறைப்பதற்குப் பதிலாக வண்டியைக் கதவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவது மேல்.

5. அடிச்சட்டம்

சமமான தளத்தில் நான்கு துண்டுகளையும் பரப்பி, மூலைகளில் டேக் (பொட்டுபோல வைக்கும் சின்ன ஒட்டு) மட்டும் வையுங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்கவும். இரண்டும் சுமார் 171 செ.மீ. வர வேண்டும், அதைவிட முக்கியம், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த மூலையைச் சுத்தியால் தட்டினால் நகரும். முழுதாக ஒட்டிவிட்ட பிறகு நகராது.

முழு ஒட்டுக்கு 10 கேஜ் ராடு போதும். ஒரு மூலையை ஒட்டியதும் பக்கத்து மூலைக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போக வேண்டும். ஒரே பக்கம் தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் இரும்பு இழுத்து, சட்டம் முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது குறுக்குத் துண்டை நடுவில் வைத்து ஒட்டிவிட்டு, நான்கு மூலைகளின் அடியிலும் 6 மி.மீ. தகடுகளை ஒட்டவும். 40 மி.மீ. ஆங்கிளில் கேஸ்டரின் நான்கு போல்ட்டும் பிடிக்காது என்பதாலேயே இந்தத் தகடு.

6. முதுகும் பாதமும்

100 செ.மீ. துண்டையும் 20 செ.மீ. துண்டையும் மூலைமட்டம் வைத்து, துல்லியமாகச் செங்கோணத்தில் ஒட்டி, மூன்று ‘எல்’ செய்துகொள்ளுங்கள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்த வேண்டும். முதலாவதை ஒட்டிச் சரிபார்த்த பின், மற்ற இரண்டையும் அதன்மேல் வைத்தே டேக் போடுவது எளிது.

இங்கே நடக்கும் தவறு மிகப் பரவலானது. முதுகைச் சாய்த்துவிட்டுப் பாதத்தைத் தரைக்குச் சமமாக வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பலகையின் கீழ்விளிம்பு ஒரு கோட்டில் மட்டும் உட்காரும். விளிம்பு நசுங்குவதோடு, வண்டி குலுங்கும்போது பலகை முன்னால் வழுக்கிவரும். முதுகுக்கும் பாதத்துக்கும் செங்கோணம் மாறாமல், இரண்டும் சேர்ந்தே சாய வேண்டும்.

7. சாய்வு வைப்பது

வண்டி நிற்பதும் விழுவதும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. சாய்வு செங்குத்திலிருந்து 10 பாகை. அதற்குக் கோணமானி வேண்டாம். முதுகின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், நூல் முதுகின் அடிமூலைக்கு 17.5 செ.மீ. பின்னால் விழ வேண்டும். பாதத்தின் முன்நுனி அதன் பின்நுனியைவிட 3.5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு அளவும் சேர்ந்து வந்தால் செங்கோணமும் சரி, சாய்வும் சரி.

‘எல்’லின் அடிமூலையை அடிச்சட்டத்தின் பின்விளிம்பிலிருந்து 36 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். நடுவில் வைப்பதென்றால் 30 செ.மீ. வரும், அதைவிட 6 செ.மீ. முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பலகையின் எடை அதன் பாதி உயரத்தில், அதாவது பாதத்துக்கு மேல் 61 செ.மீ. உயரத்தில் குவிகிறது. 10 பாகை சாயும்போது அந்தப் புள்ளி சுமார் பத்தரை செ.மீ. பின்னால் போகிறது. ஒரே பலகை ஏற்றினால் எடை அடிமூலைக்கு ஏறத்தாழ 10 செ.மீ. பின்னால் விழும், பத்துப் பலகை ஏற்றினால் அடுக்கின் கனத்தால் முன்னால் வந்து, 2 செ.மீ. பின்னால் விழும். இரண்டுக்கும் நடு 6 செ.மீ. அந்த நடு வண்டியின் நடுவோடு பொருந்தினால்தான் குறைந்த சுமையிலும் நிறைந்த சுமையிலும் வண்டி ஒரே மாதிரி நிற்கும்.

சாய்வை இன்னும் கூட்டினால் பலகை இன்னும் பத்திரமாக இருக்குமே என்று சிலர் 20 பாகை வைக்கிறார்கள். பலகையின் மேல்விளிம்பு அடிச்சட்டத்தைத் தாண்டி வெளியே போய்விடும். கதவு நிலையில் முதலில் இடிப்பது அதுதான். 5 பாகைக்குக் கீழே வைத்தாலோ ஒரு குலுக்கலில் பலகை முன்னால் சாய்ந்துவிடும்.

இரு ஓரத்து ‘எல்’களை முதலில் குறுக்குத் துண்டுகளின்மேல் நிறுத்தி, பாதத்தின் முன்நுனிக்கு அடியில் 3.5 செ.மீ. துண்டு கொடுத்து டேக் வையுங்கள். இரண்டின் உச்சிக்கும் நூல் கட்டி, நடு ‘எல்’லை அந்த நூலுக்குத் தொடும்படி நிறுத்தவும். பிறகுதான் பின்தாங்கல். முதுகில் 80 செ.மீ. உயரத்திலிருந்து அடிச்சட்டத்தின் பின்விளிம்பு வரை நேரில் அளந்து வெட்டுங்கள், 82 செ.மீ. அருகில் வரும். கணக்குப்படி முன்கூட்டியே வெட்டினால் நாலைந்து மி.மீ. இடைவெளி வந்து, அதை ராடால் நிரப்பும் நிலை ஏற்படும். அந்த ஒட்டுதான் முதலில் விடும்.

மூன்று தாங்கலும் நின்ற பிறகு, குறுக்கு ஆங்கிள்களை முதுகில் இரண்டும் பாதத்தில் இரண்டுமாக ஒட்டிவிடலாம். பாதத்தின் முன்னால் பலகை வழுக்காமலிருக்கத் தடுப்பு வைக்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். சாய்வே அந்த வேலையைச் செய்கிறது. தடுப்பு வைத்தால் ஒவ்வொரு பலகையையும் அதற்கு மேல் தூக்கிப் போட வேண்டியிருக்கும்.

8. சக்கரம் பூட்டுவது

கேஸ்டரைச் சட்டத்தோடு ஒட்டிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தெரியும். அந்தச் சூட்டில் நைலானும் கிரீஸும் கெட்டுவிடும். பின்னால் ஒரு சக்கரம் உடைந்தால் மாற்றவும் முடியாது. 10 மி.மீ. போல்ட், வாஷர், நைலான் நட் போட்டுப் பூட்டுங்கள். தகட்டின் துளைக்கு ஏற்ப போல்ட்டைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். பூட்டிய பிறகு சட்டத்தில் ஏதாவது ஒட்ட நேர்ந்தால், எர்த் கிளிப்பை ஒட்டும் துண்டிலேயே மாட்ட வேண்டும். மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் குண்டுகளில் தழும்பு விழும்.

நேர்ச் சக்கரம் இரண்டும் வண்டி நீளவாக்கில் ஓடும்போது முன்னால் போகும் முன்முனையில், சுழலும் சக்கரம் இரண்டும் தள்ளுபவர் நிற்கும் முனையில் இருக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் முன்முனை இஷ்டத்துக்கு அலையும். நான்கும் சுழல்பவையாக வைத்தால் இடுக்கில் வசதி, ஆனால் சரிவில் வண்டி பக்கவாட்டில் ஓடிவிடும். சுழலும் சக்கரம் உள்பக்கம் திரும்பும்போது தரையைத் தொடும் இடம் சுமார் 4 செ.மீ. உள்ளே போகிறது என்பதால், தகட்டை மூலையைவிட்டு உள்ளே தள்ளி வைக்கவே கூடாது. பிரேக் உள்ள கேஸ்டர் கிடைக்காவிட்டால் மரத்தில் இரண்டு ஆப்பு செய்து வண்டியிலேயே கயிற்றில் கட்டி வைக்கவும்.

9. கைப்பிடி, விரிப்பு, பெல்ட்

பலகை 42 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், சட்டத்தின் ஓரத்தோடு முடியும் கைப்பிடியால் பயனில்லை. ஓரங்குலக் குழாயை முதுகின் பின்பக்கமாக, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், 50 செ.மீ. வெளியே நீட்டி, முதுகிலும் பின்தாங்கலிலும் இரு இடத்தில் ஒட்டுங்கள். தள்ளுபவர் எப்போதும் முதுகின் பின்பக்கம் நிற்பார். பலகை சரிந்தாலும் அவர்மேல் விழாது.

பாதத்தின்மேல் மரச்சட்டம் இரண்டை, திருகுத் தலை உள்ளே அமுங்கும்படி முடுக்கவும். முதுகுக்குப் பழைய தரைவிரிப்புத் துண்டு போதும். டயர் டியூபைச் சுற்றினால் வெள்ளை லேமினேட்டில் கறுப்புக் கோடு விழும். முதுகின் இரு ஓரத்திலும் பெல்ட் மாட்ட ஒவ்வொரு கொக்கி வைத்துவிடுங்கள்.

10. சோதனை, அதன் பிறகு பெயின்ட்

முதலில் காலி வண்டியை நான்கு மூலையிலும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் குட்டையான சக்கரத்தின் தகட்டுக்கு மேல் வாஷர்த் தகடு கொடுக்கவும். பிறகு இரண்டு பலகை, ஐந்து பலகை, பத்துப் பலகை என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் கேட் தண்டவாளத்தைக் கடக்கச் செய்து, இறக்கிவிட்டு ஒட்டுகளைப் பார்க்க வேண்டும். கேஸ்டர்த் தகட்டின் ஓரமும் பின்தாங்கலின் மேல்மூலையும்தான் முதலில் விடும் இடங்கள். ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் இதற்குப் பிறகே. பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் தெரியாது.

11. ஏற்றுவதும் இறக்குவதும்

கனமான பலகைகள் முதலில், முதுகை ஒட்டி, மெல்லியவை அவற்றின்மேல். 6 மி.மீ. பலகையை முதலில் வைத்தால் முதுகின் இடைவெளியில் அது வளைந்துகொள்ளும். பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பாதத்தில் வைத்துவிட்டு, மறுமுனையைத் தூக்கித் தள்ளினால் தனி ஆளாகவும் ஏற்றிவிடலாம். பலகையின் நடு வண்டியின் நடுவோடு பொருந்துவதற்கு, நடு ‘எல்’லின் உச்சியில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

விபத்துகள் பெரும்பாலும் இறக்கும்போதுதான். அடுக்கின் உள்ளே இருக்கும் ஒரு பலகையை எடுப்பதற்காக, முன்னால் உள்ள நாலைந்தைத் தன் நெஞ்சின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றவரிடம் ‘உள்ளே இருக்கிறதை உருவுங்க’ என்பார்கள். ஐந்து பலகை என்றால் 175 கிலோ. அவை நிமிர்ந்து முன்னால் சாயும் நொடியில் வண்டியின் எடையும் பலகைப் பக்கத்துச் சக்கரங்களைத் தாண்டி வெளியே வந்துவிடும். ஆளும் வண்டியும் சேர்ந்து விழ வேண்டியதுதான். வெளியே இருப்பதை ஒவ்வொன்றாக இறக்கி, சுவரில் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், எந்தப் பலகை முதலில் தேவைப்படும் என்று பார்த்து ஏற்றும்போதே அதை வெளியில் வைத்திருக்க வேண்டும்.

சரிவில் நேராக ஏறி நேராக இறங்குங்கள், குறுக்கே போகாதீர்கள். நிறை சுமையோடு இருவர் வேண்டும். இறக்கத்தில் ஒருவர் கீழ்ப்பக்கம் நின்று தாங்குவதைவிட, இருவரும் மேல்பக்கம் நின்று பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது நல்லது. பெல்ட் கட்டாமல் கேட்டைத் தாண்ட வேண்டாம்.

12. பராமரிப்பு

முதல் வாரம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முடுக்கவும். அதன் பிறகு மாதம் ஒரு முறை போதும். மரத்தூளும் நூலும் அச்சில் சேர்வதைப் பிளேடால் எடுத்துவிட்டு, சுழலும் தலையில் கிரீஸ் வைக்கவும். அச்சு போல்ட்டின் நைலான் நட்டைக் கழற்றினால் பழையதையே திரும்பப் போடாமல் புதிது போடுங்கள். அது ஒரு முறைக்குமேல் இறுக்கமாகப் பிடிக்காது.